பேனாக்கத்தியும் கழுகுமலைக் கல்லும்

நம் வீடுகளில் ஒரு பேனாக்கத்தி எங்கேயாவது கட்டாயம் இருக்கும். கடையில் வாங்கிய அன்று அது பளபளவென்று இருந்தது. மாம்பழத் தோலை மாலை போலச் சீவியது. மூன்று மாதம் சென்றதும் அதன் உத்தியோகம் மாறிவிடுகிறது. பார்சல் கயிற்றை அறுப்பதற்கும், டப்பா மூடியை நெம்புவதற்கும், திருகாணியைத் திருப்புவதற்கும் அது கூப்பிடப்படுகிறது. ஆறாம் மாதத்தில் மேஜை இழுப்பறையின் மூலைக்குப் போய்ச் சேர்கிறது. சரஸ்வதி பூஜையன்று மட்டும் அதை வெளியே எடுத்துத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு மரியாதை செய்கிறோம். ஆயுதத்துக்கு ஒரு நாள் பூஜை; மற்ற 364 நாளும் அலட்சியம்!

"கத்தி பழசாகிவிட்டது" என்று சொல்லிப் புதிதாக ஒன்று வாங்குகிறவர்கள் உண்டு. உண்மையில் கத்தி பழசாகவில்லை. அதன் வாய் மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வாயை மறுபடியும் கூராக்குவதற்கு ஒரு கல்லும், ஒரு மரப்பலகையும், ஒரு பழைய தோல் இடைவாரும், அரை மணி நேரப் பொறுமையும் போதும். சவரக் கத்தி போல முழங்கை ரோமத்தை மழிக்கும் அளவுக்கு வீட்டிலேயே தீட்டிவிடலாம். இதில் மந்திரம் ஒன்றுமில்லை, கைபலமும் வேண்டியதில்லை. பலத்தைக் காட்டுகிறவருக்குத்தான் இந்த வித்தை வசப்படாது.

கூர்மையான கத்தி அபாயம், மழுங்கிய கத்தி பத்திரம் என்று நினைப்பது இயல்பு. அது தவறு. கூரான கத்தி தொட்ட இடத்தில் இறங்கிவிடும். மழுங்கிய கத்தியோ இறங்காது, நாம் அமுக்குவோம், அது தக்காளியின் வழவழத்த தோலில் வழுக்கிக்கொண்டு போய் மறு கையைப் பதம் பார்த்துவிடும். சமையலறைக் காயங்களில் பல இப்படி நேர்கிறவையே. ஆகையால் கத்தி தீட்டுவது வீட்டாரின் விரல்களைக் காப்பாற்றும் காரியமுமாகும்.

மலையை மழித்த உளி

கூர்மையைப் பற்றிப் பேசும்போது நம் தென்பாண்டிச் சீமையில் ஓர் ஊரை நினைக்காமல் இருக்க முடியாது. கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் கரிசல் பூமியின் நடுவே, திடீரென்று ஒரு பெரும்பாறை எழுந்து நிற்கிறது. அதுதான் கழுகுமலை. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தியின் சந்நிதி இருக்கிறது. மேலே பாறைச் சுவரில் வரிசை வரிசையாகச் சமண தீர்த்தங்கரர்களின் உருவங்களும், அவற்றின் கீழே வட்டெழுத்துச் சாசனங்களும் இருக்கின்றன. அதே மலையில்தான் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலும் இருக்கிறது.

வெட்டுவான் கோயில் கல்லை அடுக்கிக் கட்டிய கோயில் அல்ல. எல்லோராவின் கைலாசநாதர் ஆலயத்தைப் போல, மலையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து எடுத்த கோயில். ஏறத்தாழ 7½ மீட்டர் ஆழத்துக்குச் சுற்றிலும் பாறையை வெட்டி அகற்றி, நடுவில் விட்ட கல்லையே விமானமாக்கியிருக்கிறார்கள். மேல்பகுதி முற்றுப்பெற்றிருக்கிறது, அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது. விமானத்தில் மிருதங்கம் வாசிக்கும் தக்ஷிணாமூர்த்தியின் விரல்களைப் பார்ப்பவர்கள், அது கருங்கல் என்பதையே சிறிது நேரம் மறந்துபோவார்கள்.

இந்தக் கோயிலைப் பற்றி ஊரில் ஒரு கதை வழங்குகிறது. தந்தையும் மகனும் சிற்பிகளாம். தந்தை கீழே ஒரு கோயிலைச் செதுக்க, மகன் மேலே ஒன்றைச் செதுக்கினானாம். மகனின் வேலை தம் வேலையை விஞ்சுவது கண்டு பொறாத தந்தை, ஆத்திரத்தில் மகனைக் கொன்றுவிட்டதால் கோயில் அரைகுறையாய் நின்றதாம். கதை உண்மையோ, கற்பனையோ, கேட்பவர் மனம் கனத்துத்தான் போகிறது. ஆனால் அந்தக் கதையில் வராத ஒருவர் உண்டு. அவர்தான் உளிக்குக் கூர் வைத்துக் கொடுத்த கொல்லர்.

கருங்கல்லை வெட்டும் உளி வெகு சீக்கிரத்தில் மழுங்கிவிடும். மாமல்லபுரத்துச் சிற்பிகள் இன்றும் தங்கள் பட்டறையில் ஒரு சிறு உலையை வைத்துக்கொள்வது இதனால்தான். மழுங்கிய உளியை உலையில் காய்ச்சி, முனையை அடித்து நீட்டி, தண்ணீரில் தோய்த்துப் பதம் ஏற்றி மறுபடியும் கையில் எடுப்பார்கள். அப்படியானால் கழுகுமலையில் ஒரு மலையின் தோளையே செதுக்கி எடுத்தபோது எத்தனை ஆயிரம் முறை உளிகள் உலைக்குப் போய்த் திரும்பியிருக்க வேண்டும்! நாம் இன்று பார்த்து வியக்கும் ஒவ்வொரு மடிப்பும், ஒவ்வொரு நகக்கண்ணும், அன்று காலையில் யாரோ ஒருவர் கூர் வைத்துக் கொடுத்த இரும்பின் வேலை.

உளிக்குச் செய்யும் முறை வேறு, பேனாக்கத்திக்குச் செய்யும் முறை வேறு. உளியை நெருப்பில் இட வேண்டும். கத்தியை நெருப்பின் பக்கமே கொண்டு போகக் கூடாது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. கூர்மை என்பது கருவியோடு சேர்த்து ஒரு தடவை விலைக்கு வாங்கும் பொருளல்ல. உபயோகிக்க உபயோகிக்க அது கரையும். கரைந்ததைக் கரைந்தவுடனே ஈடு செய்ய வேண்டும்.

பனையேறியின் பெட்டி

இந்தப் பாடத்தைத் தினந்தோறும் படித்தவர்கள் தென் சீமைப் பனையேறிகள். பனையின் பாளையைக் கடிப்பால் நெருக்கி, அதன் நுனியை மெல்லிய சீவலாகச் சீவினால்தான் பதநீர் ஊறும். மறுபடியும் ஏறி மறுபடியும் சீவ வேண்டும். சீவல் மெல்லியதாக இருக்க வேண்டும்; வெட்டு வழவழப்பாக இருக்க வேண்டும். அரிவாள் மழுங்கலாக இருந்தால் பாளை நைந்துபோகும். நைந்த பாளை சொட்டாது. பதநீர் இல்லையென்றால் அன்று கருப்பட்டி இல்லை. ஆகவே அவர்களுக்குக் கூர்மை என்பது அழகு அல்ல, அன்றைய அடுப்பு.

இடுப்பில் தொங்கும் அரிவாள் பெட்டியில் பாளை அரிவாளை வைத்துக்கொண்டு ஏறுகிற அவர்கள், அதைத் தீட்டும் முறை மிக எளிது. ஒரு மரக்கட்டை, அதன்மேல் பொடித்த வெங்கச்சங்கல். அந்தப் பொடியின்மேல் அரிவாளை முன்னும் பின்னும் இழுப்பார்கள். வெங்கச்சங்கல் எஃகைவிடச் சற்றே கடினமானது. மரம் மெத்தென்று இருப்பதால் பொடி அதில் பதிந்துகொண்டு, எஃகை மெல்ல மெல்லத் தேய்க்கும். நாவிதர் சவரக் கத்தியைத் தோலில் தீட்டுவதும், மேல்நாட்டுத் தச்சர் உளியைப் பசை தடவிய தோற்பலகையில் மெருகேற்றுவதும் இதே தத்துவத்தைச் சேர்ந்தவை. இன்று பனையேறுவோர் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. அவர்களுடைய கைப்பக்குவமும் அவர்களோடு மறைந்துவிடாமல் நம் வீட்டு மேஜைக்காவது வந்து சேரட்டுமே!

பனைக்கும் பேனாக்கத்திக்கும் இன்னொரு உறவும் உண்டு. மேல்நாட்டில் பேனாக்கத்தி என்பது பறவை இறகைச் சீவிப் பேனா செய்வதற்காக ஏற்பட்டது. நம் நாட்டில் அதற்கு ஒரு தமையன் இருந்தான். அவன் பெயர் மடக்கெழுத்தாணி. ஒரு பிடியின் ஒரு புறத்தில் எழுத்தாணியும், மறு புறத்தில் பனையோலையை வாருவதற்கான சிறு கத்தியும் இருக்கும். இரண்டையும் மடக்கிப் பிடிக்குள் அடக்கிவிடலாம். உ. வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் அக்காலத்து எழுத்தாணி வகைகளைச் சொல்லும்போது இதையும் விவரித்திருக்கிறார். தமிழ் எழுதியவர்களின் மடியில் மடக்குக் கத்தி நெடுங்காலமாக இருந்துவந்திருக்கிறது.

கூர்மை என்றால் என்ன?

கத்தியின் இரண்டு பக்கத்துச் சரிவுகளும் வந்து சந்திக்கும் கோட்டைத்தான் வாய் என்கிறோம். அந்தக் கோடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு கூர்மை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். மனிதரின் தலைமயிர் பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரான் வரை தடிமன் உள்ளது. நல்ல சவர அலகின் வாயோ ஒரு மைக்ரானுக்கும் குறைவானது. மழுங்குவது என்றால் அந்தக் கோடு உருண்டுபோவது, அல்லது ஒரு பக்கமாக மடிந்துபோவது, அல்லது கண்ணுக்குத் தெரியாத சில்லுகளாகப் பெயர்ந்துபோவது.

கல்லில் மோதினால் எஃகு மழுங்குவது ஆச்சரியமல்ல. மெல்லிய ரோமத்தை மழித்தால் சவர அலகு ஏன் மழுங்குகிறது? எஃகு ரோமத்தைவிடச் சுமார் 50 மடங்கு கடினமானது ஆயிற்றே! அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து 2020-ஆம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். எஃகின் உள்ளமைப்பு எங்கே ஒரு சீராக இல்லையோ, வாயில் எங்கே ஏற்கெனவே நுண்ணிய பிளவு இருக்கிறதோ, அங்கே வளைந்த ரோமம் அழுத்தும்போது ஒரு சில்லு பெயர்கிறது என்று கண்டார்கள். கரடுமுரடாக விட்ட வாய் சீக்கிரம் கெடும் என்று தாத்தா காலத்து நாவிதர் சொல்லிவந்ததற்கு இது சாட்சி போல இருக்கிறது. கூராக்கியபின் மெருகேற்றுவது வெறும் பகட்டுக்காக அல்ல.

இன்னொன்றையும் இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். பழைய சவரக் கத்தியின் சரிவு ஒரு பக்கத்துக்குச் சுமார் 8 பாகைதான். பேனாக்கத்திக்கு அவ்வளவு மெலிவு ஆகாது. கொட்டைப்பாக்கைத் தொட்டவுடனே அதன் வாய் பெயர்ந்துவிடும். பேனாக்கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரை சரிவு தகும். அந்தச் சரிவிலேயே, வாயை நன்றாக மெருகேற்றினால், அது ரோமத்தை மழிக்கும், வேலைக்கும் தாங்கும்.

கல்லின் கதை

எஃகைத் தேய்க்க அதைவிடக் கடினமான பொருள் வேண்டும். வீட்டுப் படிக்கல்லிலும் அம்மிக்கல்லின் விளிம்பிலும் கத்தியைத் தேய்ப்பது நம் வழக்கம். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் அம்மியின் மணிகள் ஒரே அளவானவை அல்ல; அதன் முகம் சமமானதும் அல்ல. ஆகையால் வாய் ரம்பம்போல் ஆகும். சில நாளில் மறுபடியும் மழுங்கும்.

நம் நாட்டுச் சாணைக்காரர்கள் பழங்காலந்தொட்டே குருந்தக்கல்லைப் பொடித்து அரக்கோடு சேர்த்துச் சக்கரமாக்கிச் சாணை பிடித்தார்கள். மாணிக்கமும் நீலமும் இந்தக் குருந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கற்களே. கடினத்தில் வைரத்துக்கு 10 என்று வைத்தால் குருந்தத்துக்கு 9, வெங்கச்சங்கல்லுக்கு 7, நல்ல கத்தி எஃகுக்கு ஆறோ ஆறரையோதான். ஐரோப்பியர் இந்தக் கல்லை நம்மிடமிருந்து தெரிந்துகொண்டபோது பெயரையும் நம்மிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் 'கொரண்டம்' என்பது நம் குருந்தம்தான். 1891-இல் எட்வர்ட் அச்சேசன் என்ற அமெரிக்கர் மின்சார உலையில் ஒரு புதுப் பொருளை உண்டாக்கினார். அதில் கார்பனும் கொரண்டமும் சேர்ந்திருப்பதாக எண்ணி அதற்குக் 'கார்பொரண்டம்' என்று நாமகரணம் செய்தார். உண்மையில் அது சிலிக்கனும் கார்பனும் சேர்ந்த பொருள். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. இன்று இரும்புக்கடையில் "ஒரு கார்பொரண்டம் கல் கொடுங்கள்" என்று கேட்கிறவர் தமிழ்ச் சொல் ஒன்றை உலகம் சுற்றி வந்தபின் திரும்ப வாங்குகிறார் என்று சொல்லலாம். 1954 முதல் அந்தப் பெயரிலேயே சென்னையில் தேய்ப்புக் கற்கள் செய்யும் ஸ்தாபனமும் இருந்துவருகிறது.

எஃகின் கதையிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு. கொங்கு நாட்டுக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பையும் எஃகையும் உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. தென்னிந்தியாவிலிருந்து 'ஊட்ஸ்' என்ற பெயரில் ஏற்றுமதியான மூசை எஃகைக் கண்டு வியந்தவர்களில் லண்டன் கத்தி வியாபாரி ஜேம்ஸ் ஸ்டோடார்ட் ஒருவர். ஐரோப்பாவின் சிறந்த எஃகைக் காட்டிலும் இதுவே தமக்கு உகந்தது என்று அவர் தம் கடை விளம்பரத்திலேயே போட்டுக்கொண்டார். கொல்லரின் மகனாகப் பிறந்து பெரும் விஞ்ஞானியான மைக்கேல் பாரடே, அவரோடு சேர்ந்து எஃகுக் கலவைகளைப் பற்றி ஆராய்ந்து 1820-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இவ்வளவு கீர்த்தி படைத்த நாட்டில் நம் வீட்டுப் பேனாக்கத்தி மட்டும் வெண்ணெய் வெட்டவும் திணறுவது நியாயமா?

ஆயத்தம்

ஒரு பக்கம் முரடும் மறு பக்கம் மென்மையுமாக உள்ள கார்பொரண்டம் கல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கல்லின் மணி அளவை எண்ணால் குறிப்பார்கள். எண் சிறியதானால் கல் முரடு, பெரியதானால் மென்மை. நன்றாய் மழுங்கிய கத்திக்கு 200, 300 எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். முடிவில் 1000 எண்ணுக்காவது போக வேண்டும். கல் கிடைக்காவிட்டால் தண்ணீரில் நனைக்கத்தக்க உப்புத்தாளை 400, 800, 1000, 2000 என்ற வரிசையில் வாங்கி, ஒரு கண்ணாடித் துண்டின்மேல் சமமாக ஒட்டிக்கொண்டாலும் போதும். தாளில் தீட்டும்போது மட்டும் வாயை முன்னே தள்ளக் கூடாது, தாள் கிழிந்துவிடும். முதுகு முன்னே போகும்படி இழுக்க வேண்டும்.

கல்லை ஈரத் துணியின்மேல் வைத்தால் நகராது. முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு; ஒரு தடவை எண்ணெய் குடித்த கல்லில் பிறகு தண்ணீர் சரியாய்ப் படியாது. ஆகையால் எது வேண்டும் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நடுவில் குழிந்துபோன பழைய கல்லானால், சமமான சிமெண்டுத் தளத்தில் மணலும் நீரும் இட்டுத் தேய்த்து முகத்தைச் சமப்படுத்துங்கள். குழிந்த கல்லில் நேரான வாய் வராது.

மடக்குக் கத்திக்கே உரிய அபாயம் ஒன்றுண்டு. பூட்டு இல்லாத கத்தி, முதுகை அழுத்தினால் மடங்கி விரலைக் கவ்விவிடும். ஆகையால் பிடியைத் தளர்த்தாமல் பிடித்து, மற்றக் கையின் இரண்டு விரல்களை அலகின் தட்டையான பக்கத்தின்மேல் மட்டும் வைக்க வேண்டும். குழந்தைகள் அருகில் நின்று பார்க்கலாம், தொடக் கூடாது.

தீட்டும் முறை

முதலாவது, சாய்வு. இதுதான் எல்லாவற்றுக்கும் உயிர். பாகைமானி தேவையில்லை. அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் ஏறத்தாழ 20 பாகையும், நான்கில் ஒரு பங்கு தூக்கினால் ஏறத்தாழ 15 பாகையும் கிடைக்கும். உதாரணமாக, 15 மில்லிமீட்டர் அகலமுள்ள அலகுக்கு முதுகு கல்லிலிருந்து 4 அல்லது 5 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் சரி. வாயின் ஓரத்தில் பேனா மையைத் தடவிக்கொண்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். நுனி விளிம்பில் மை அழிந்திருந்தால் சாய்வு சரி. மேலே மட்டும் அழிந்திருந்தால் முதுகை இன்னும் சற்றுத் தூக்க வேண்டும்.

இரண்டாவது, பிசிறு. முரட்டுப் பக்கத்தில், கல்லின் தோலை மெல்லியதாகச் சீவி எடுப்பதுபோல, வாயை முன்னே விட்டு அடியிலிருந்து நுனிவரை ஒரே சாய்வில் இழுங்கள். நுனிக்கு அருகே அலகு வளைகிற இடத்தில் பிடியைச் சற்றே உயர்த்தினால்தான் சாய்வு மாறாது. ஒரே பக்கத்தையே திரும்பத் திரும்பத் தேயுங்கள். சற்று நேரத்தில் மறு பக்கத்தில் மிக நுண்ணிய உலோகப் பிசிறு ஒன்று எழும். முதுகிலிருந்து வாயை நோக்கி விரலை மெதுவாக வருடினால் அது தட்டுப்படும். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டாதீர்கள். பிசிறு அடிமுதல் நுனிவரை எழும் வரையில் மறு பக்கம் திருப்பக் கூடாது. பிசிறு எழுந்தது என்றால் இந்தப் பக்கத்துத் தேய்ப்பு வாயின் உச்சியை எட்டிவிட்டது என்று அர்த்தம். வீட்டில் கத்தி தீட்டுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தவறுவது இந்த இடத்தில்தான். எண்ணி இருபது முறை தேய்த்துவிட்டு, பிசிறு வருமுன்னே திருப்பிவிடுகிறார்கள். பிறகு எவ்வளவு மெருகேற்றினாலும் மழுங்கல் மழுங்கலாகவே இருக்கும்.

மூன்றாவது, மறு பக்கம். அதே சாய்வில் தேயுங்கள். பிசிறு முதல் பக்கத்துக்குத் தாவும். தாவியதும் முரட்டுக் கல்லின் வேலை முடிந்தது.

நான்காவது, மென்மைப் பக்கம். இங்கே அழுத்தம் பாதியாக வேண்டும். ஒரு பக்கம் பத்து, மறு பக்கம் பத்து. பிறகு ஐந்து, ஐந்து. பிறகு ஒன்று, ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் கையின் பாரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, முடிவில் கத்தியின் சொந்த பாரம் மட்டுமே கல்லில் இருக்கும்படி செய்யுங்கள். பிசிறு சிறுத்துச் சிறுத்து விரலுக்குப் புலப்படாமல் போய்விடும்.

ஐந்தாவது, தோல். கண்ணுக்கும் விரலுக்கும் தப்பிய பிசிறு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் போக்குவதே சவரக் கூர்மையின் ரகசியம். பழைய தோல் இடைவாரை ஒரு பலகையில் சமமாக ஒட்டி, உலோகம் துலக்கும் மென்பசையோ, கடையில் விற்கும் பச்சை மெருகுப் பசையோ லேசாகத் தடவிக்கொள்ளுங்கள். இங்கே வாய் பின்னாலும் முதுகு முன்னாலும் போகும்படி இழுக்க வேண்டும். ஒவ்வொரு கோடியிலும் கத்தியை முதுகின்மேல் புரட்டித் திருப்ப வேண்டும். முதுகைக் கூடுதலாகத் தூக்கினால் செய்த வேலையெல்லாம் வீண், வாய் உருண்டுவிடும். பக்கத்துக்கு இருபது இழுப்புப் போதும்.

சோதனையும் பராமரிப்பும்

கத்தியை விளக்கொளியில் வாய் மேல்நோக்கி இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். மழுங்கிய இடம் ஒரு வெள்ளைக் கோடாக மின்னும். கூரான வாய் மின்னாது. பிறகு ஒரு செய்தித்தாளின் ஓரத்தை ஒரு கையில் பிடித்துக் கத்தியை மெதுவாக இறக்குங்கள். சரசரவென்று கிழிந்தால் பிசிறு இன்னும் இருக்கிறது. சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் காரியம் சித்தி. முழங்கை ரோமத்தை மழித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் தோலைத் தொடாமல் ஜாக்கிரதையாகச் செய்யலாம். பழுத்த தக்காளியின்மேல் அமுக்காமல் இழுத்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் உத்தமமான சோதனை. பிறகு ரசத்துக்கும் ஆகும்.

சோதனை முடிந்ததும் கீலில் புகுந்த கல்துகளைத் தண்ணீரில் அலசி நன்றாய் உலர்த்துங்கள். கீலுக்குத் தையல் யந்திர எண்ணெய் ஒரு சொட்டு. பழம் நறுக்கும் அலகுக்குத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும். துருப்பிடிக்காத எஃகு அல்லாத பழைய மாதிரி அலகானால், எலுமிச்சையும் புளியும் பட்டவுடனே துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கருத்துப்போகும். பீங்கான் தட்டிலும் கருங்கல் மேடையிலும் வைத்து நறுக்கக் கூடாது. மரப்பலகை கத்திக்குத் தாய்வீடு; பீங்கானோ மாமியார் வீடு.

வாரம் ஒரு முறை தோலில் பத்து இழுப்பு இழுத்துவந்தால், கல்லுக்குப் போகவேண்டிய அவசியம் சில மாதங்களுக்கு ஒரு முறைதான் வரும். அவசரமானால் ஊறுகாய் ஜாடியின் அடியில் மெருகில்லாமல் சொரசொரப்பாக இருக்கும் வளையம் நல்ல தீட்டுக்கல். இரண்டு பக்கமும் நான்கு இழுப்பு இழுத்தால் வாய் திரும்பிவரும்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். அரிவாள்மனைக்கும் பெரிய கத்திக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். கைதேர்ந்த சாணைக்காரர் அடிக்கடி அலகைத் தண்ணீரில் தோய்த்துக்கொள்வார். ஆனால் மெல்லிய பேனாக்கத்தி அலகு, காய்ந்த சக்கரத்தில் வேகமாகச் சுற்றும்போது கணத்தில் சூடேறிவிடும். வாயோரம் நீலம் பாரித்தால் அந்த இடத்து எஃகின் பதம் போய்விட்டது என்று அறியுங்கள்; அங்கே இனிக் கூர் நிற்காது. மேலும், சக்கரம் ஒரு வருஷத்து உலோகத்தை ஒரு நிமிஷத்தில் தின்றுவிடும். வீட்டுக் கல்லோ தேவையானதை மட்டும் எடுக்கும். நன்றாய்ப் பராமரித்த கத்தி தகப்பனிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பேரனுக்கும் போகும்.

எஃகை மழுங்கச் செய்வதும் கல், கூராக்குவதும் கல். பீங்கான்மீதும் கருங்கல்மீதும் மோதவிட்டால் கத்தி கெடுகிறது. அளவான சாய்வில், அளவான பாரத்தோடு, ஈரமான கல்லின்மேல் நடத்தினால் அது தேறுகிறது. கழுகுமலையில் விமானத்தை எழுப்பிய உளிகளைப் பற்றிச் சாசனம் ஒன்றும் பேசவில்லை. அவற்றைத் தீட்டியவர்களின் பெயரும் நமக்குத் தெரியாது. வேலை மட்டும் பன்னிரண்டு நூற்றாண்டாக நின்றுகொண்டிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இழுப்பறை மூலையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துக் கல்லை நனையுங்கள். இந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அது சந்தனத்துக்குத் தகுதியோடு வந்து உட்காரட்டும்.